பல்செட்காரரின் கார்

நீலக் காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, கார்க் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து, கதவை மெல்லச் சாத்துகிறார். திறக்கிறார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக் குனிந்து பார்க்கிறார். விளிம்பில் கடுகளவு நீலம் ஒட்டியிருக்கிறது. "இங்கதான் கடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உப்புத்தாளால் நாலு இழுப்பு. மறுபடி காகிதம், மறுபடி கதவு. காலையிலிருந்து இது பதினேழாவது தடவை. எண்ணுவது அவர் மனைவி. பிழிந்த துணிகளோடு வாளியைத் தூக்கிக்கொண்டு, திறந்து கிடக்கும் கதவைத் தாண்டிக் கொடிக்குப் போக வழியில்லாமல் நிற்பவள் அவள்தானே.

"கொஞ்சம் நகர்றீங்களா? கை வலிக்குது."

"ஒரு முடி அளவுதான் பாக்கி. இரு."

"நாலு வருஷமா அதே முடிதான். அது இன்னுமா நரைக்கல?"

அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. உப்புத்தாள் கையில் இருக்கும்போது அவருக்கு எதுவும் காதில் விழாது. ஆனால் எங்கேயாவது ஒரு திருகாணி அரை சுற்று தளர்ந்தால் மட்டும் அடுத்த தெருவில் இருந்தாலும் கேட்டுவிடும்.

அந்த நீலக் காகிதம் அவருடைய தொழிலில் வந்தது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் வேலை. வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு சின்ன மோட்டார், அலமாரி நிறைய யார் யாருடையதோ தாடைகள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கே இடிக்கிறது என்று பார்க்கத்தான் அந்தக் காகிதம். தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்றே பெயர். வேலையில் குறை சொல்ல முடியாது. "வாய்க்குள்ள ஒரு மணல் இருந்தாலும் நாக்கு கண்டுபிடிச்சிடும். நாக்க ஏமாத்த முடியாது" என்பார். சரி, பல்லுக்கு அது நியாயம். காருக்கு ஏது நாக்கு? இதை அவள் நூறு தடவை கேட்டாகிவிட்டது.

கார் வந்த கதை இரண்டே வரிதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரிடம் மேல் செட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போன மனிதர், லாரியில் ஒரு காரோடு திரும்பினார். டாக்டரின் கொட்டகையில் பல வருஷமாகக் கிடந்ததாம். "எடுத்துட்டுப் போறதுன்னா போங்க" என்று அவர் சொன்னாராம், இவர் எடுத்துக்கொண்டாராம். இரண்டே கதவு உள்ள, கைக்கு அடக்கமான கார். பின் சீட்டில் கோழி முட்டையிட்ட அடையாளம் இருந்தது. அவள் வாசலில் நின்று, "இது ஓடுமா?" என்று கேட்டாள். "ஓடாம?" என்றார், அவளே ஏதோ தப்பாகப் பேசிவிட்டது போல. "ஆறு மாசம். அப்புறம் நீ பஸ்ஸே ஏற வேண்டாம்."

அந்த ஆறு மாதத்தில் கார் கழன்றது. மீதி மூன்றரை வருஷமும் அது வீட்டுக்குள் குடியிருந்தது. கட்டிலுக்கு அடியில் முன்விளக்குகள். பீரோவில் அவள் புடவைகளுக்கு மேலே ஸ்டியரிங் சக்கரம். அவளுடைய மதிய சாப்பாட்டு டப்பாவைப் பள்ளிக்கூடத்தில் திறந்தால் உள்ளே மண்ணெண்ணெயில் ஊறும் நட்டுகள். சக ஆசிரியைகள் அந்த வருஷம் முழுக்கச் சிரித்தார்கள். பின் சீட்டு கூடத்தில் சோபாவாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் உட்கார்ந்து காபி குடித்தார்கள். ஒருநாள் அவர் வந்து, "கொஞ்சம் எழுந்திருங்க" என்று விருந்தாளிகளை எழுப்பிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பெயிண்ட் அடித்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பல்லின் நிறம் பார்க்க ஒரு மாதிரிப் பட்டை உண்டு. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை, ஒவ்வொன்றும் ஒரு பல். அதைப் பெயிண்ட் கடையில் கொண்டுபோய் வைத்து, இடமிருந்து மூன்றாவது பல்லைக் காட்டி, "இந்த நிறம் வேணும்" என்றிருக்கிறார். கடைக்காரர் ஒருமுறை பல்லைப் பார்த்தார், ஒருமுறை இவரைப் பார்த்தார். "சார், இது யாரோட பல்லு?" என்று கேட்டார். நாலு தடவை கலந்தும் நிறம் சேரவில்லை என்று இவர் திரும்பி வந்தார். ஐந்தாம் தடவை கடைக்காரரே வீட்டுக்கு வந்து, இனிமேல் தன் கடைப் பக்கம் வரவேண்டாம் என்று அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, பல்செட் செய்யும் மாவிலேயே வார்த்துவிட்டார். வழவழப்பாக, உறுதியாகத்தான் வந்தது. நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. அவளுடைய தம்பி ஒருநாள் வந்தவன் உள்ளே எட்டிப் பார்த்து, "மாமா, காருக்கு ஈறு முளைச்சிருக்கு" என்றான். அன்று முழுவதும் மாமா அவனோடு பேசவில்லை.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். டயர் வாங்குவதற்காக ஸ்கூட்டரை விற்றாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஓடுகிற வண்டியை விற்று ஓடாத வண்டிக்கு டயர் வாங்குகிற மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கு முந்திய வருஷம் அவளுக்குத் தலைமை ஆசிரியை பதவி வந்தது. பள்ளிக்கூடம் தூரம். "கார் முடியட்டும், நானே தினமும் கொண்டு விடறேன்" என்று அவர் சொன்ன பேச்சை நம்பி, இப்போது இயலாது என்று எழுதிக் கொடுத்தாள். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவள் தன் கையாலேயே வேண்டாமென்று எழுதினாள். அந்தக் காகிதத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

இந்த வருஷம் மறுபடி உத்தரவு வந்தது. அதே அளவு தூரம், முப்பத்தைந்து கிலோமீட்டர். முதல் பஸ் போய்ச் சேரவே பத்தரை ஆகும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பதவி வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும், மூன்றாம் தடவை கிடையாது. இந்த முறை அவள் யார் பேச்சையும் நம்பவில்லை. முதல் நாளைக்கு டாக்சி சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆசிரியை வீட்டில் தங்க அறையும் பார்த்து வைத்தாள். அவரிடம் தகவலாகச் சொன்னாள், யோசனை கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் முன்னறை மோட்டார் ஓடவில்லை. தாடைகள் எல்லாம் வரிசையில் காத்துக்கிடந்தன. சனிக்கிழமை மதியம் கார் கிளம்பியது. பொய் சொல்லக் கூடாது, முதல் சாவியிலேயே கிளம்பியது. தையல் மெஷின் மாதிரி சத்தம். தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்து நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார். அவளும் வாசல் வரை வந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குக் கஞ்சி போட்ட புடவையும் பையுமாக அவள் கேட்டருகே நின்றாள். எட்டே முக்கால் ஆயிற்று. டாக்சி வரவில்லை.

"அவரு வரமாட்டாரு. வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டேன்" என்றார், கார் கண்ணாடியைத் துடைத்தபடி.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"வீட்ல கார் இருக்கும்போது டாக்சியா? நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கறதுக்கு இனிமே என்னங்க மிச்சம் இருக்கு!"

இந்நேரத்தில் வேறு வண்டி எங்கே தேடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கதவு ஒரு சொடுக்குச் சத்தத்தோடு மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் முகத்தில் வந்த சந்தோஷம் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஊர் தாண்டி இருபது கிலோமீட்டர் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. அவள் மனசு கொஞ்சம் இளகியது என்றுகூடச் சொல்லலாம். அப்போதுதான் அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"கேக்குதா?"

"என்ன?"

"டிக் டிக்குனு. டாஷ்போர்டுக்குள்ள எங்கயோ."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்க ரோட்டப் பாருங்க."

அவர் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வந்தது. "இந்தத் தகட்டக் கழட்டினா தெரிஞ்சிடும். பத்து நிமிஷம்." அவருடைய பத்து நிமிஷம் அவளுக்குத் தெரியாததா? மணி ஒன்பது இருபது. முன்னாலும் பின்னாலும் வெறும் சாலை. முதல் திருகாணியில் ஸ்க்ரூடிரைவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் வருகிற அழுகை.

"ஒரு தடவ உங்க காரால வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். இன்னொரு தடவ என்னால முடியாது. வண்டி ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்புறம் என்னங்க உங்களுக்கு?"

அவர் திருகாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொத நாளு. அங்க எல்லாரும் வாசல்ல நின்னு பாப்பாங்க. தலைமை ஆசிரியை டப்பா வண்டில வந்து இறங்கறாங்கன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாதுல்ல. அதுக்குத்தான் நாலு வருஷமா..." ஸ்க்ரூடிரைவர் அந்த இடத்திலேயே நின்றது.

இந்த மனிதரை அடிப்பதா, அணைத்துக்கொள்வதா? இரண்டுக்கும் நேரமில்லை.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள், வகுப்பில் பேசும் குரலில்.

பண்ணினார். அவள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். ஆமாம், இருக்கிறது. டிக், டிக், டிக். ஒருமுறை கேட்டபிறகு வேறு எதுவுமே கேட்கவில்லை. உள்ளங்கையை டாஷ்போர்டின் மேல் இங்கும் அங்கும் வைத்துப் பார்த்தாள். இடது ஓரத்தில், கண்ணாடிக்குக் கீழே, ஓர் இடத்தில் அழுத்தியதும் சத்தம் நின்றது.

"நின்னுடுச்சு" என்றார் அவர், நம்ப முடியாமல்.

"நான் பிடிச்சுக்கறேன். எடுங்க."

கார் நகர்ந்தது. அவள் ஒரு கையை நீட்டி அழுத்தியபடி, மறு கையால் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பதினைந்து கிலோமீட்டரும் அவர் தலையைச் சாய்க்கவில்லை. ஒன்பது நாற்பத்தெட்டுக்குப் பள்ளிக்கூடத்துச் சுவர் தெரிந்தது. கேட்டருகே ஏழெட்டு ஆசிரியர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்குச் சற்று முன்னால் சாலையில் பெரிய வேகத்தடை ஒன்று. அவள் பையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு கையையும் கொண்டுவந்து அங்கேயே அழுத்தினாள்.