கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க!

லோக்கல் சேனல் நடத்துகிறவனுக்கு ஊரெல்லாம் முதலாளி. திருச்செங்கோட்டில் கேமரா, அறிவிப்பு, செய்தி, விளம்பரம் எல்லாம் நான் ஒருவனே. டிவிக்கு முன்னால் ஜனங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்த காலத்தில் தொழிலுக்கு வந்தேன். இப்போது எல்லோரும் பதில் பேசுகிறார்கள். எந்தத் தொழிலில் இருந்தாலும், வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குகிற அத்தனை பேரும் என் கட்சிதான்.

கெடு

என் சேனல் ஓடுவது தங்கவேல் அண்ணனின் கேபிளில். வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு செல்போன் வந்ததும் அவருடைய கனெக்ஷன்கள் மளமளவென்று குறைந்தன. ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். டீ சொன்னேன், வேண்டாம் என்றார். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

"தேரு நிலை சேர்ற வரைக்கும் ஓட்டுங்க. அப்புறம் மூடிப்போட்டு ரெண்டு பேரும் வேற சோலி பாக்கலாம்."

ரிமோட்டில் ஒரு குரல்

சும்மா சாக மனசு வரவில்லை. சேனலை செல்போனிலும் லைவாக விட ஆரம்பித்தேன். பார்க்கிறவர்கள் அதிலேயே கமெண்ட் எழுதிக் கேட்கலாம். "கேள்வி கேளுங்க, உடனே பதில்!" என்று டிவியிலும் நாள் முழுக்க அறிவித்தேன்.

மறுநாள் ஒரு விவசாயி கோபமாக வந்தார். மகன் வாங்கித் தந்த புது டிவியில், ரிமோட்டில் பேசினால் கேட்கும் வசதி உண்டு. அதை வாயருகே வைத்துக்கொண்டு, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, என்ன விலை என்று என்னைக் கேட்டிருக்கிறார். டிவி அவருக்குக் கிழங்கு வறுவல் செய்யும் வீடியோவாகப் போட்டுக் காட்டியிருக்கிறது. அந்த ரிமோட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவர் சமாதானமாகவில்லை.

"காத்தால இருந்து கூப்படறனுங்க. யாரோ ஒரு பொண்ணுதான் எடுக்குது. நீங்க எடுக்கவே மாட்டீங்கறீங்க!"

தேர்

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் ரிக் லாரியோடு வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார்கள். தேரன்று லைவைத் திறந்ததும் அவர்களுடைய கமெண்ட்டுகள் கொட்டின. 'சோத்தாங்கை பக்கம் திருப்புங்க, எங்கப்பா வடம் புடிக்கறாரு.' 'மாமன் கடையைக் காட்டுங்க.' நானும் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் திருப்பினேன்.

செல்வராஜ் என்று ஒரு ரிக் டிரைவர். அவர் லாரி ஏறிய பிறகுதான் மகன் பிறந்திருக்கிறான். மனைவியிடம் இருப்பது பட்டன் போன், முகம் பார்த்துப் பேச வழியில்லை. 'துணிக்கடை முக்குல பச்சைச் சீலை, கொஞ்சம் கிட்டக்க போங்க' என்று எழுதினார். போனேன். போனைக் காதில் வைத்திருந்த அந்தப் பெண், அவர் சொல்லச் சொல்லக் குழந்தையை கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பொக்கை வாயைத் திறந்து சிரித்தான் பையன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கேமராவை நகர்த்த மனசே வரவில்லை. 'தேர் நகர்ந்திருச்சு, காட்டட்டுங்களா?' என்று மைக்கில் கேட்டேன். பதில் வந்தது.

"தேரு அடுத்த வருசமும் வருமுங்க. இவன் இப்பிடியே இருக்க மாட்டான்."

தீர்ப்பு

கேபிள் டிவியிலும் தேருக்குப் பதில் அந்தக் குழந்தைதான் ஓடியிருக்கிறது. தேர் நிலை சேர்ந்த கையோடு தங்கவேல் அண்ணன் வந்தார். திட்டு வாங்கிக்கொண்டு கடையைக் கட்டிவிடலாம் என்று ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூட வேண்டாஞ் சாமி. எங்க ஊட்லயே பெரிய டிவியை அமத்திப்போட்டு, செல்லுல உங்களைத்தான் பாக்கறாங்க. 'டிவில சொன்னா திரும்ப மாட்டேங்குது, இதுல சொன்னா திரும்புது'ங்கறாங்க. நெட் லைன் நான் இழுத்துத் தாரேன், நீங்க ஓட்டுங்க."

ஆக, பார்க்க ஆளில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது பார்வையாளர்கள் எல்லோரும் என் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். கழுத்து வலி மட்டும் இன்னும் எனக்கே சொந்தம்.