யாக்கூப் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

இது சத்தியமான உண்மைக் கதை. வேண்டுமானால் இந்தக் கறிச் சட்டியின் மேல் கை வைத்துச் சொல்வேன், அது கொதிக்காமல் இருந்தால். சரி, சரி, முறைக்காதீர்கள். நண்டை மட்டும் ஒரு முழம் பெரிதாக்கியிருக்கிறேன். வேறு இரண்டு மூன்று இடங்களிலும் லேசாக இழுத்திருக்கிறேன். பரோட்டா மாவுக்கு மட்டும்தான் இழுபடும் உரிமையா? மாணிக்கம் பரோட்டா வீசிக்கொண்டே கேட்கட்டும். லீலா அக்கா கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்கட்டும். யாக்கூப் தேக்கா சந்தையிலிருந்து மீனோடு திரும்புவதற்குள் முடித்துவிடுகிறேன்.

யாக்கூப் நம் கடையின் மீன்தலைக் கறி மாஸ்டர். அவன் இங்கே சிங்கப்பூரில் தாளித்தால் கடல் தாண்டி ஜோகூரில் தும்முவார்கள். இருபது வருடத்தில் ஒரு ஞாயிறும் லீவு போட்டதில்லை. ஞாயிறன்று லிட்டில் இந்தியாவில் கொசுகூட வரிசையில் நின்றுதான் பறக்க வேண்டும். மாஸ்டருக்கு ஏது லீவு?

அவன் மகள் ஹனீனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஒருமுறை கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அன்றிலிருந்து கடல் பைத்தியம்.

"அத்தா, சாங்கி பீச்சுக்குப் போலாமா? தண்ணி இறங்குனா நண்டு, நட்சத்திர மீன் எல்லாம் வெளிய வரும்."

"அடுத்த வாரம் போலாம்லா."

இப்படி மூன்று முறை கேட்டாள். நான்காவது வாரம் அவள் கேட்கவில்லை. யாக்கூப் வீடு திரும்பும்வரை காத்திருக்காமல் தூங்கியும் போனாள். அதுதான் அவனைக் குத்தியது. இனிமேல் எதையுமே கேட்காமல் வளர்ந்துவிடுவாளோ என்று பயந்தவன், சனிக்கிழமை இரவு முதலாளிக்குப் போன் போட்டான்.

"பாய், வயித்தால போகுது. ஞாயிறு வரமுடியாது."

"கறி மாஸ்டருக்கே வயித்தால போகுதுன்னா கஸ்டமர் என்னய்யா நெனப்பான்? வெளிய சொல்லித் தொலைக்காத!"

லீவு கிடைத்துவிட்டது.

போன ஞாயிறு விடிய, வீட்டுப் பக்கத்து புக்கிட் பாஞ்சாங் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். ஹனீன் கையில் நோட்டு, யாக்கூப் கையில் மூடி போட்ட வாளி. வழியில் லிட்டில் இந்தியா ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்ததும் யாக்கூப்பின் கால்கள் தாமாக எழுந்து நடந்தன. இருபது வருடப் பழக்கம்! ஒரு கால் பிளாட்பாரத்தில் இருக்கும்போது, பின்னாலிருந்து சட்டையை யாரோ பிடித்திழுத்தார்கள்.

"அத்தா! எங்க போறீங்க?"

திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை. 'எனக்குத் தெரியும், இப்படித்தான் ஆகும்' என்பது போல ஒரு பார்வை. கதவு மூடுவதற்குள் உள்ளே பாய்ந்தான். அதன்பிறகு, இறங்கி சாங்கி பஸ் பிடிக்கும் தெம்பனிஸ் வரை அவள் கையை விடவே இல்லை.

சாங்கியில் கடல் இறங்கியிருந்தது. மலேசியா வரை நடந்தே போகலாம் என்கிற அளவுக்கு. சரி, ஐம்பது அடி. ஈர மணலில் நட்சத்திர மீன்கள், குழிக்குள் கண்ணை உருட்டும் குட்டி நண்டுகள். யாக்கூப்புக்கு எல்லாமே மிளகாய்த்தூளோடுதான் தெரிந்தன.

"வாளி எதுக்கு அத்தா?"

"சும்மா... குந்துறதுக்கு."

"பாக்க மட்டும்தான். எடுத்துட்டுப் போகக்கூடாது."

"யாரும்மா எடுக்குறா!"

அப்போதுதான் கடல்புல்லுக்குள் ஒரு நண்டு வந்தது. தாம்பாளம் அளவு. ஹனீன் நோட்டைத் திறந்து, எதை எழுதுவது என்று தெரியாமல் விழித்தாள். யாக்கூப் குனிந்து, பின்பக்கமாக இரண்டு விரலால் அதைத் தூக்கினான். கொடுக்கு காற்றைத்தான் கவ்வியது.

"வயித்துல இந்த மூடி இருக்கு பாரு. ஒல்லியா இருந்தா ஆம்பள. இது அகலம், பொம்பள. கீழ ஆரஞ்சா பஞ்சு மாதிரி இருக்குல்ல? எல்லாம் முட்ட."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா நண்டு கழுவுறேன்லா."

அவள் வேகமாக எழுதினாள். இங்கிலீஷ் எழுத்து யாக்கூப்புக்கு எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கும்.

"என்னம்மா எழுதுற?"

"யாரு சொன்னாங்கன்னு எழுதணும். டீச்சர் ரூல். உங்க பேரு எழுதிருக்கேன்."

தன் பேச்சை ஒருவர் எழுதிவைப்பதை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். நண்டைத் தண்ணீருக்குள், தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவது போல இறக்கிவிட்டான். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. அவன் கண்ணில் நீர். உப்புக்காற்று என்று என்னிடம் சொன்னான். அதை நான் நம்பவில்லை.

திரும்பி வரும் ரயிலில் ஹனீன் அவன் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அத்தா, டூ வீக்ஸ் கழிச்சு மறுபடி தண்ணி நல்லா இறங்கும். அன்னைக்கும் சண்டேதான். வருவீங்களா?"

கேட்டுவிட்டாள்! யாக்கூப் யோசிக்கவே இல்லை.

"வருவேன்."

இன்று காலை முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, அந்த ஞாயிறையும் வாங்கிவிட்டான்.

"நில்லு நில்லு," மாணிக்கத்தின் கையில் மாவு பாதியில் நின்றது. "அப்ப அன்னைக்குக் கறிச்சட்டி யாரு பாக்குறது?"

"நீதான்," என்றாள் லீலா அக்கா.

"நானா? நான் பரோட்டா மாஸ்டர்லா! போன ஞாயிறு நீங்க வெச்ச கறிய நீங்களே பாருங்கக்கா."

"அதுக்கு என்ன கொற?"

"உப்பே இல்ல. கஸ்டமர் ஊறுகாய்ல முக்கிச் சாப்பிட்டான்!"

"ஏய், புளிய யாரு ஒளிச்சு வெச்சது? அதச் சொல்லு மொதல்ல!"

"நானா ஒளிச்சேன்? வாய அளந்து பேசுங்கக்கா!" மாணிக்கம் மாவைப் போட்டுவிட்டுக் கரண்டியைத் தூக்கினான்.

"கரண்டிய கீழ வைடா!"