கூட்டாளியின் முகத்தைப் பார்த்துக் குதித்தவன்

"...அதான் கேக்குறேன், குதிக்கிற நேரத்துல என் மூஞ்சியில அப்படி என்னய்யா இருக்கு? தரையப் பாருய்யா!"

சரக்கு வண்டியின் படியில் எனக்குப் பின்னால் நின்ற கூட்டாளி கத்தினார். பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கும் முன்பே நான் குதித்து, முந்தி ஓடி, பாதை மாற்றும் கைப்பிடியை இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்த என் கை விடவில்லை. வண்டி வேறு பாதையில் போய் நின்றது. அன்று அது மூன்றாவது தடவை.

மத்தியானம் யார்டுத் தொரை வந்து என் வேலையைப் பார்ப்பதாக இருந்தது. குதிக்க மாட்டாதவன் மறுபடி கல் கொட்டும் கூட்டத்துக்கே போகவேண்டியதுதான். அந்த வெயிலில் இரண்டு வருடம் வெந்தவன் நான்.

இந்தப் பயம் பிறவியிலேயே வந்ததல்ல. இந்த வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு நாள் காலை தேநீர்க் கடையில் இந்தக் கூட்டாளிதான் சொன்னார்: "நம்ம மச்சான் கிள்ளான்ல சும்மா குந்தியிருக்கான். இங்க ஒரு எடம் விழுந்தா இழுத்துப் போட்டுருவேன்." விழுந்தா என்றாரே, எது விழுந்தால், இடமா, நானா? அன்றே நான் குதிக்கும்போது உருண்டு விழுந்து முட்டி கிழிந்தது. முதுகில் ஒரு கை பட்டதாகவே தோன்றியது. அதன்பின் அவர் வாங்கிக் கொடுத்த தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன்.

"வண்டி முன்னால போவுது, நீ பின்னால பாத்து காலு வைக்கிற. உருளாம என்ன செய்வ?" என்றார் இப்போது.

யோசித்தேன். விழுந்த அன்றும் அவர் கையைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிப்பதற்கு நான் பயப்படவே இல்லை. இவருக்கு முதுகைக் காட்டத்தான் பயந்திருக்கிறேன்.

"மச்சான் விஷயந்தானே?"

நான் குனிந்து முட்டியைத் தடவினேன்.

"சரி, நீ பின்னால நில்லு. தள்ளணும்னா நீ என்னைத் தள்ளு."

தொரை வந்து தண்டவாளத்தருகே நின்றார். வண்டி நகர்ந்தது. கூட்டாளி முன்படிக்குப் போனார், திரும்பிக்கூடப் பார்க்காமல் குதித்தார். பார்க்க வேண்டிய முகம் பின்னால் இல்லை. தரையைப் பார்த்தேன். அடுத்த கணம் ஓடிக்கொண்டிருந்தேன். அவரையும் தாண்டிப் போய்க் கைப்பிடியை இழுத்தேன். வண்டி சரியான பாதையில் ஏறியது. தொரை தலையாட்டிவிட்டு நடந்தார்.

கூட்டாளி பீடி ஒன்றைப் பற்றவைத்து, பாதி இழுத்து, என்னிடம் நீட்டினார். வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். அவர் அதை வெடுக்கென்று பிடுங்கித் தன் வாயிலேயே வைத்துக்கொண்டார்.