தலைமையாசிரியைக்குக் கண்ணடித்தவர்

மலேசியாவில், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் தள்ளுபடி கிடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கடையின் பட்டு கவுண்டரில் இருபத்தாறு வருடமாக நிற்கிறவர் அப்துல் கனி. வயது ஐம்பத்தெட்டு. புடவையை ஒரே உதறலில் கவுண்டர் முழுக்க விரிப்பார், முந்தானை வாடிக்கையாளரின் கைக்கு நேராக வந்து நிற்கும். அவருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. வருகிற பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டார். முன்கையைப் பார்த்துத்தான் எந்தக் கலர் எடுக்கும் என்று சொல்வார். முகத்தில் பவுடர் இருக்கும், கை பொய் சொல்லாது என்பது அவர் கணக்கு. அப்படிப்பட்ட மனிதர் மேல்தான் கண்ணடித்த குற்றம் விழுந்தது.

விழுந்ததற்கு மூன்று மாதம் முன்னால் ஆரம்பித்த கதை இது. பகலெல்லாம் ஒழுங்காக இருக்கிற இடது இமை, மாலை ஆறு மணி ஆனால் கீழே இறங்கும். புருவத்தைத் தூக்கினால் கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். கூடவே எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். இதை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். பக்கத்து காட்டன் கவுண்டர் லோகனிடம். இருபத்திரண்டு வருடக் கூட்டாளி. கனி பாய் தொழப் போனால் பட்டு கவுண்டரைப் பார்த்துக்கொள்வது லோகன். லோகன் விரதம் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவர் எதிரே சாப்பிடாமல் மாடிக்குப் போய்ச் சாப்பிடுவது கனி பாய்.

"டாக்டர்கிட்ட போகட்டுமா லோகா?"

"இப்ப போகாதீங்க பாய். சீசன் நேரம். பாஸுக்குத் தெரிஞ்சா வயசாயிடுச்சுன்னு மேல ஸ்டோருக்கு அனுப்பிடுவாரு. சாயங்காலம் விலைச்சீட்டை நான் படிச்சுச் சொல்றேன் லா."

சொன்னபடி படித்தும் சொன்னார். மூன்று மாதம், தினமும் மாலையில், ஒரு வார்த்தை வெளியே போகாமல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கனி பாய் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்குச் சீதாலெட்சுமி டீச்சர் வந்தார். பக்கத்து ஊரான மேருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மகள் கல்யாணத்துக்குப் புடவை. அன்றைக்கு லோகன் காட்டன் பக்கம் ஒரு குடும்பத்தோடு மாட்டிக்கொண்டிருந்தார். கனி பாய் கண்ணுக்கு இரண்டு டீச்சர் தெரிந்தார்கள். ஒரு தலைமையாசிரியையைச் சமாளிப்பதே பெரிய காரியம். விலைச்சீட்டைப் படிக்க அவர் இடது கண்ணை மூடினார். திறந்தார். இமை தானாகவே விழுந்தது. புருவத்தால் தூக்கினார். மூடினார். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வாய் மட்டும் வழக்கம்போல, "இது உங்களுக்கு ரொம்ப நல்லாருக்கும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

டீச்சர் புடவையை வாங்காமல் போனார். மறுநாள் கடையின் வாட்சப்புக்கு நாலு பத்தியில் புகார் வந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

முதலாளி பரமேஸ்வரன் நியாயமானவர் என்று பெயர் எடுத்தவர், அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் கவனமானவர். திங்கள் காலை பத்து மணிக்கு ஆபீஸ் அறையில் விசாரணை வைத்தார். கேமராப் பதிவு ஓடியது. சத்தமில்லாத படத்தில் கனி பாய் கண்ணடிக்கிறார், சிரிக்கிறார், மறுபடி அடிக்கிறார். பார்க்க கனி பாய்க்கே சந்தேகமாக இருந்தது.

"கண்ணு தானா விழுது பாஸ். சாயங்காலமானா இப்படி ஆகுது."

பரமேஸ்வரன் எழுந்து வந்து கண்ணைப் பார்த்தார். காலை பத்து மணிக்கு அது பளிச்சென்று திறந்திருந்தது, பால்காரன் கதவைத் தட்டிய வீடு மாதிரி.

"லோகன், நீ பக்கத்திலேயே நிக்கிறவன். இவரு கண்ணுல ஏதாச்சும் கோளாறு பாத்திருக்கியா?"

லோகன் கனி பாயைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது பாஸ்."

முடிவு தெரியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். கனி பாய் படி இறங்கி வரும்போதே பட்டு கவுண்டரில் லோகன் நின்றிருந்தார். கனி பாயின் அளவு நாடா அவர் கழுத்தில்.

வீட்டில் மனைவி முத்து பீவி விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு கீரை ஆய்வதை நிறுத்தாமலே சொன்னார்: "முப்பத்தொரு வருஷமா எனக்கே அடிச்சதில்ல. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அடிச்சீங்களா?"

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்லங்க. போய் டாக்டரைப் பாருங்க. கிள்ளான்ல வேணாம், இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

தெரிந்துதான் இருந்தது. பழக்கடைக்காரர் அன்று காலையே கனி பாயைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்து, "எப்படி பாய்?" என்று கேட்டிருந்தார். ஆகவே கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி கிளினிக். அங்கே டாக்டர் ஷாமினி, வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கனி பாய் வேண்டுமென்றே சாயங்காலம்தான் போனார், இமையும் சொன்ன நேரத்துக்கு இறங்கியிருந்தது. டாக்டர் அவரை ஒரு நிமிடம் கூரையையே பார்க்கச் சொன்னார். இமை இன்னும் இறங்கியது. பிறகு அவர் நர்ஸிடம் சொன்னது விசித்திரமாக இருந்தது: "கீழ மாமாக் கடைல ஒரு தே ஐஸ் பொங்குஸ் வாங்கிட்டு வாங்க. ஐஸ் அதிகமா."

தேநீரும் ஐஸும் ஊற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பை வந்தது. டாக்டர் அதை டிஷ்யூவில் சுற்றி மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தார். இமை எழுந்து நின்றது. கனி பாய் கண்ணாடியில் பார்த்தார், அவரை அவரே பல வாரமாகச் சாயங்காலத்தில் பார்த்ததில்லை.

"அங்கிள், உங்க கண்ணு நல்லாருக்கு. நரம்பும் நல்லாருக்கும்னு நினைக்கிறேன். செய்தி சரியா வருது. வாங்குற இடத்திலதான் பிரச்சினை."

டாக்டர் சொன்னதைக் கனி பாய் சொல்லி நான் புரிந்துகொண்ட வரை இதுதான். மூளையிலிருந்து வரும் மின்சைகை நரம்பின் நுனியைத் தொட்டதும், அங்கே கால்சியம் நுழைகிற நுண்ணிய வாசல்கள் திறக்கும். கால்சியம் உள்ளே போனால் நுனி அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வெளியே கொட்டும். எதிரே தசை. தசையின் மேல் அந்த ரசாயனத்தைப் பிடிப்பதற்கென்றே ரிசெப்டர்கள் காத்திருக்கும், தமிழில் ஏற்பிகள். ஒவ்வொரு ஏற்பியும் ஒரு கதவு. ரசாயனம் வந்து அதில் உட்கார்ந்தால் கதவு திறக்கும், சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும், இமை எழும். கனி பாய் உடம்பில் கிருமியை அடிப்பதற்காக இருக்கிற ஆன்டிபாடிகள் இந்த ஏற்பிகள் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டன, பலவற்றை அழித்தும் விட்டன. காலையில் மிச்சமிருக்கும் கதவுகள் போதும். ஆனால் தசையை ஓயாமல் வேலை வாங்கினால் நரம்பு ஒவ்வொரு முறையும் கொட்டுகிற ரசாயனம் கொஞ்சம் குறையும். கதவுகள் ஏராளமாக உள்ள உடம்பில் அது தெரியவே தெரியாது. இவர் உடம்பில் சாயங்காலம் தெரிந்துவிடுகிறது.

"ஐஸ் என்ன பண்ணுச்சு?"

"அந்த ரசாயனத்தை உடனே உடைக்கிற என்சைம் ஒண்ணு நடுவுல இருக்கு. குளிர்ல அது மெதுவாயிடும். ரசாயனம் கொஞ்ச நேரம் கூட இருந்தா, மிச்ச கதவெல்லாம் திறக்குது. மாத்திரையும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், அடுத்த வாரம் ரத்தம் எடுத்து உறுதி பண்ணிட்டு ஆரம்பிப்பாங்க. நடுவுல விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம்னா எமர்ஜென்சிக்குப் போயிடணும், காத்திருக்கக் கூடாது."

"நம்ம ஆளே நம்மள அடிக்கிறான்."

"ஆமா அங்கிள். ஆள் தெரியாம அடிக்குது."

ரயிலில் திரும்பும்போது அந்த வாக்கியம்தான் அவர் மனதில் ஓடியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "உடம்பு ஆள் தெரியாம அடிச்சிருக்கு. அவன் ஆள் தெரிஞ்சு அடிச்சான்."

டாக்டர் கடிதத்தை முதலாளியிடம் காட்டலாம்தான். ஆனால் எம்சி என்கிற மருத்துவ விடுப்புக் கடிதத்துக்கு நம் நாட்டில் என்ன மரியாதை என்பது எம்சி எடுத்த எல்லோருக்கும் தெரியும். கனி பாய் பரமேஸ்வரனுக்கு போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டார். விசாரணையைச் சாயங்காலம் வையுங்கள், டீச்சரையும் கூப்பிடுங்கள்.

சனிக்கிழமை ஆறு நாற்பது. பட்டு கவுண்டர். டீச்சர் கைப்பையை மடியில் வைத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கனி பாய் புடவை புடவையாக எடுத்து விரித்தார், பதினொன்று. பிறகு மேல் தட்டைப் பார்த்தபடி நின்றார். இமை இறங்கியது. பரமேஸ்வரன் குனிந்து, அசல் ஜரிகையா என்று பார்க்கிற மாதிரி அந்த இமையைப் பார்த்தார். கனி பாய் கையோடு கொண்டு வந்திருந்த தே ஐஸ் பையைக் கண்ணில் வைத்தார். பரமேஸ்வரன் கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிடம் எண்ணினார். எடுத்தபோது கண் திறந்திருந்தது.

"இன்னொரு தடவை விழுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"கொஞ்ச நேரத்துல விழும் டீச்சர்."

டீச்சர் காத்திருந்து பார்த்தார். விழுந்தது. "நான் தப்பா திருத்திட்டேன்," என்றார். "மன்னிச்சிடுங்க. இன்னைக்கே எழுதி அனுப்புறேன்." பிறகு, நாற்பது வருடம் பின் பெஞ்சைக் கவனித்த கண்ணால் லோகனைப் பார்த்தார். "இவர் பக்கத்திலேயே நிக்கிறாரே. இவருக்குத் தெரியாதா?"

எல்லோரும் லோகனைப் பார்த்தார்கள். அவர் கழுத்து நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியும் பாஸ்," என்றார். "ஆனா நீங்க கேட்டது காலைல. காலைல அவரு கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு."

கனி பாய் கையை மட்டும் நீட்டினார். லோகன் நாடாவைக் கழற்றி அதில் வைத்தார்.

ரத்தப் பரிசோதனை டாக்டர் சொன்னதையே சொன்னது. இப்போது மாத்திரை நடக்கிறது. காலை பத்திலிருந்து இரண்டு வரை பட்டு கவுண்டரில் கனி பாய், இரண்டுக்குப் பிறகு லோகன், அது முதலாளியின் ஏற்பாடு. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்த வேண்டியதும் லோகன்தான் என்று அவர் உத்தரவு போட்டிருக்கிறார். நியாயமான மனிதர் என்று சொன்னேனே.

இரண்டு மணிக்கு நாடா கை மாறும், பேச்சு கிடையாது. போன வாரம் நான் போயிருந்தபோது லோகன் ஒரு தே ஐஸ் பையை வாங்கி வந்து கவுண்டர் ஓரத்தில் கனி பாய் பக்கமாக வைத்தார். "பாய், குடிங்க லா. வெயிலா இருக்கு."

கனி பாய் அதைத் தொடவில்லை. எனக்கு ஒரு மயில்கழுத்துக் கலரை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் கரைந்து பை வேர்த்து, கவுண்டர் கண்ணாடி மேல் தண்ணீர் பட்டுப் புடவையை நோக்கி நகர்ந்தது. அவர் புடவையை ஒரு சாண் தள்ளி வைத்தார், துணியால் தண்ணீரைத் துடைத்தார், பையைத் தூக்கி லோகன் பக்கம் வைத்துவிட்டு, என் மனைவியின் கை என்ன நிறம் என்று என்னைக் கேட்டார்.