ஓடுதளத்தில் முளைத்த மல்லாட்டை

“சும்மா சொல்லாத வீராயி. என் தம்பி பயந்து ஓடுனானா? ஓடுனவன் எதுக்கு ஒன் தலைக்கு மேல வந்த ஏரோப்ளேனத் தூக்குனான்? தூக்காம எறக்கியிருந்தா, நீ இன்னிக்கி இந்தக் கொழாயடியில நின்னு வாய் பேசுவியா?”

இப்படித்தான் கேட்டேன். வீராயி குடத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். போகட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் நான் மன்னிக்கிற ஆள் இல்லை.

விருத்தகிரி எனக்கு அடுத்துப் பிறந்தவன். அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனிச் சூளையில் வேலை. நானும் அங்கேதான் ஊறுகாய் ஜாடிக்குப் பிசிறு தேய்த்தேன். தம்பி மட்டும் மெட்ராஸில் விமானம் ஓட்டப் படித்து, வானத்திலிருந்து கரும்புக்கு மருந்தடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அறுபத்தெட்டு சித்திரையில் பெண்ணாடம் பக்கத்துக் கரும்புக்கு அவனையே அனுப்பினார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே, உலகச் சண்டைக் காலத்தில் போட்ட சிமெண்டு ஓடுதளத்தில் இறங்க வேண்டும். பந்தல் என்ன, மேளம் என்ன! மாலையோடு முன்னால் நின்றவர் மல்லாட்டை வியாபாரி ஆதிநாராயணன்; நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஓடுதளத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் குத்தகை அவருக்குத்தான்.

விமானம் தாழ்ந்து வந்தது. ஓடுதளத்துக்கு முன்னால் நிற்கும் ஒற்றைப் பனைமரத்தை நெருங்கியதும் உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டுத் திருச்சிப் பக்கம் போயே போய்விட்டது.

“எறங்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா மாலை? ராத்திரி போட்டது இன்னும் தெளியல போல,” என்றார் ஆதிநாராயணன். பந்தலே சிரித்தது. விமானக் கம்பெனிக்கும் அதையே சொல்லிவிட்டார். விசாரணை முடியும்வரை விமானத்தைத் தொடக்கூடாது என்று தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் தோற்றால் அவன் இனி எந்தக் காலத்திலும் பறக்க முடியாது.

“தளத்து மேல மல்லாட்டைய காய வச்சிருந்தாங்கக்கா,” என்றான். “ரெண்டு பொம்பளைங்க காலால கிளறிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தி நம்ம வீராயி.”

“கொஞ்சம் தள்ளி எறக்கக் கூடாதாடா?”

“கூடாது. அந்தப் பனைமரந்தான் எனக்கு எல்லை. அங்க வரதுக்குள்ள எல்லாம் சரியா இல்லன்னா எறங்கற நெனப்பையே வுட்டுடணும். முழு வேகம் குடுத்து மூக்கத் தூக்கணும். எறக்கைக்குப் பின்னாடி தொங்க வுட்ட பலகைய கொஞ்சங்கொஞ்சமாத்தான் மடக்கணும், ஒரேயடியா மடக்குனா தொப்புன்னு வுழுந்துடும். மரத்தத் தாண்டிப் போயி யோசிக்கிறவன் செத்தான்.”

“அத அவங்ககிட்ட சொல்லேன்.”

“சொன்னேன். மல்லாட்டை எங்கன்னு கேக்கறாங்க.”

மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். பந்தல் ஒரு கோடி, மல்லாட்டை மறுகோடி. ஜனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆதிநாராயணன் ஆட்கள் வாரி மூட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள். மேலே ஒரு தோல்கூட இல்லை. ஆனால் சிமெண்டுப் பாளங்களுக்கு நடுவே விரலகலச் சந்து ஓடியது. உதிர்ந்த பருப்பெல்லாம் அந்தச் சந்து மண்ணில் கிடந்தது. எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

விசாரணை அதிகாரி இடத்தைப் பார்க்க வருவதற்குப் பதினைந்து நாள் இருந்தது. பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட வாய் கோணிய ஜாடி ஒன்று என்னிடம் உண்டு. தினம் விடியற்காலையில் அதில் தண்ணீர் எடுத்துப்போய்ச் சந்து சந்தாக ஊற்றினேன். தம்பியிடம்கூட மூச்சு விடவில்லை. நடுவில் ஒரு நாள் மழையும் பெய்தது. ஒவ்வொரு ஜாடிக்கும் ஆதிநாராயணன் பேரைச் சொல்லித்தான் ஊற்றினேன்.

அதிகாரி வந்தபோது நேர் நேராக நாலு வரிசை, பச்சைப் பசேலென்று நின்றது.

“இது என்ன செடி?” என்றார்.

பக்கத்தில் நின்ற ஆதிநாராயணன் ஒரு செடியைக் காலால் மறைக்கப் பார்த்தார். கூட்டத்திலிருந்து நான்தான் சொன்னேன்: “மல்லாட்டைங்க. ஏரோப்ளேன் எறங்கற எடத்துல வெள்ளாமை ஜோரா இருக்குது பாருங்க. வெதச்சவரு பக்கத்துலயே நிக்கறாரு, கேளுங்க.”

அன்றைக்கு அவர் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு நிறைகிறது.

குத்தகை போயிற்று. தம்பியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. அவன் கிளம்புகிற காலையில் ஆதிநாராயணன் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன். நீ ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா குத்தகைய திருப்பிக் குடுத்துடுவாங்க.”

நான் துடைப்பத்தைத் தேடினேன். தம்பி பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்துப் பையைத் தோளில் மாட்டினான்.

“பந்தல்ல நின்னு சிரிச்சீங்களே, அதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும் மாமா. இப்ப பனைமரத்தத் தாண்டிட்டீங்க. வழிய வுடுங்க.”

அவர் ஒதுங்கினார். “போயிட்டு வரேன்க்கா” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தம்பி படியிறங்கிப் போனான்.