ஒரு நூல் இடைவெளி

கைக்கண்ணாடியை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, "கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா சார்" என்கிறார் அலுவலகத்துக்கு விளக்கு மாட்ட வந்தவர். மேசைக்காரர் ஒன்றும் புரியாமல் எழுந்ததும் அவருடைய நாற்காலியில் இவர் உட்கார்ந்துகொள்கிறார். முதுகை நிமிர்த்தி ஒரு தடவை, கூன் போட்டு ஒரு தடவை, பேனா பிடித்து எழுதுகிற பாவனையில் ஒரு தடவை கண்ணாடிக்குள் பார்க்கிறார். மூன்றில் ஒரு தடவை அதில் டியூப் லைட் பளீரென்று தெரிந்தாலும் போச்சு. "இங்க ஒக்காந்து வேலை செய்யறவருக்கு சாயங்காலம் தலைவலி நிச்சயம்" என்று எழுந்துவிடுகிறார். அதுவரை அந்தத் தலைவலிக்கு வீட்டையும் மேலதிகாரியையும் மாறி மாறிக் குறை சொல்லிக்கொண்டிருந்த மேசைக்காரர், அப்போதுதான் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறார்.

கூரையில் விளக்குச் சட்டம் மாட்டி, டியூப்புக்கு அடியில் பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட்டைப் பொருத்துவது இவருடைய தொழில். டியூப்பின் வெளிச்சம் நேராகக் கண்ணில் குத்தாமல் ஷீட்டில் பரவி மெத்தென்று இறங்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதே வேலைதான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பார்ப்பதால், கூட வேலை செய்பவர்கள் 'மேல்பார்வையார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கட்டடங்களில் நிஜமாகவே மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பேர் பிடிப்பதில்லை. இவருக்குப் பிடிக்கும், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். "மொத மொதல்ல எங்க வீட்டுக்கு வந்தப்போ என் மூஞ்சிய ஏறெடுத்துக்கூடப் பாக்கல. எங்க கூடத்து லைட்டப் பாத்துட்டு, இது கண்ணக் கெடுத்துடுமேன்னு சொன்னாரு. எங்கப்பாவுக்கு அதுலயே ஆளப் பிடிச்சுப் போச்சு" என்கிறார் அவர் மனைவி. தனக்கு எப்போது பிடித்தது என்பதை அந்த அம்மாள் சொல்வதில்லை.

ஒல்லியான ஆள். பின்கழுத்தில் வருஷக்கணக்கான மடிப்பு. புருவத்தில் எப்போதும் ஜிப்சம் தூள் இருக்கும். தரையில் நிற்கும்போது வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். ஏணியில் மூன்றாவது படி ஏறிவிட்டால் பேச்சு தானாக வரும். வீட்டில் முக்கியமான விஷயம் எதையாவது கேட்க வேண்டுமென்றால், பரணிலிருந்து ஏதாவது எடுக்கச் சொல்லி ஏற்றிவிட்டுக் கேட்பதுதான் மனைவியின் வழக்கம்.

"ஷீட்டு வெளிச்சத்தத் தின்னுடுது" என்று சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாக் கட்டடத்திலும் உண்டு. அவர்களுக்கு ஏணியிலிருந்தே பதில் வரும். "வெளிச்சம் எங்கயும் ஓடிப் போகாது சார். இத்தன நாள் உங்க கண்ணுல விழுந்துச்சு, இனிமே உங்க காயிதத்துல விழும்." வேலையில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். நாலடி ஷீட்டை ஓரத்தில் மட்டும் தாங்கினால் நாளடைவில் நடுவயிறு தொங்கும் என்று, நடுவில் குறுக்கே ஒரு பட்டை கொடுப்பார். அலுமினியப் பட்டையின் நிழல் கீழே தெரியும் என்பதால், தெளிந்த அக்ரிலிக்கில் தானே அறுத்துச் செய்த பட்டை. இரண்டாவது பிடிவாதம், ஷீட்டைச் சட்டத்தின் அளவுக்கு இறுக்கமாக வெட்டாமல் இருப்பது. நீளத்தில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைத்தே வெட்டுவார். டியூப்பும் சோக்கும் சூடேறினால் ஷீட் நீளும். நீள இடமில்லாவிட்டால் வில்லாக வளைந்து, தாங்குகிற விளிம்பை விட்டு நழுவிவிடும். இந்த ஒரு நூலுக்காக அவர் இழந்த வேலைகள் உண்டு.

அவருடைய அண்ணன் தையல்காரர். இப்போது தைப்பதில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால், வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் காலரும் கையும் தைத்த மனிதர்; எதிரில் யார் வந்தாலும் சட்டையின் தோள்பட்டைத் தையலைத்தான் முதலில் பார்ப்பார். அண்ணன் நேரே பார்ப்பார், தம்பி மேலே பார்ப்பார், குனிந்து போகிற வழியைப் பார்க்கத் தான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று அண்ணி சொல்வதுண்டு. தம்பிக்கு அண்ணனிடம் பாசம் அதிகம், பயம் அதைவிட அதிகம்.

அந்த அண்ணிதான் ஒரு சனிக்கிழமை காலையில் போன் செய்தார். "உங்கண்ணன் புதன்கிழமையும் போகல, நேத்தும் போகல. கால் வீங்கி செருப்பு நுழைய மாட்டேங்குது. ராத்திரி ஒக்காந்துக்கிட்டே மூச்சு வாங்கறாரு. கேட்டா லைட்டுங்கறாரு."

"என்ன லைட்டு அண்ணி?"

"அதை நீங்களே வந்து கேளுங்க. அது உங்க டிபார்ட்மெண்டு."

மேல்பார்வையார் போனார். அண்ணன் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. "ஊசிக்கு நான் பயப்படலடா" என்றார். "தையக்காரனுக்கு ஊசியக் காட்டறாங்களா? நாலு மணி நேரம் அந்த டியூப்பு லைட்டப் பாத்துக்கிட்டு மல்லாந்து கெடக்க என்னால ஆகாது. மண்ட பொளக்குது."

"கண்ண மூடிக்கலாம்லண்ணே."

"மூடினாலும் உள்ள வருதுடா. செவப்பா வருது. துணி கட்டிக்கோங்கறாங்க. கட்டிப் பாத்தேன். அசையாமக் கெடக்கேன், கண்ணுல துணி, பக்கத்துல உங்கண்ணி அழுதுக்கிட்டு நிக்கறா. அப்பவே முடிஞ்ச மாதிரி இருந்துச்சு, அவுத்துப் போட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "எந்த மடையன் மாட்டின லைட்டோ. ஒரு சட்டைய நான் இந்த லட்சணத்துல தெச்சுக் குடுத்திருந்தா என் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிருப்பாங்க."

வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணி தணிந்த குரலில் சொன்னார். "லைட்டெல்லாம் சாக்குங்க. மனுஷனுக்கு வெறுத்துப் போச்சு. அவ்வளவுதான்."

சாக்கா நிஜமா என்பதைப் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தார் மேல்பார்வையார். இதுவரை அண்ணனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடியிருக்கிறாரே தவிர உள்ளே போனதில்லை. அன்றே டயாலிசிஸ் பிரிவுக்குள் போய், அண்ணனின் கட்டிலில் கொஞ்சம் படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதும் தலைமை நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "உங்கண்ணன் திங்கக்கிழமையும் வரலேன்னா, அடுத்தது நேரா அவசர சிகிச்சைக்குத்தான் தூக்கிட்டு வரணும். சொல்லிட்டேன்" என்றார். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டுக்கு நோயாளிகள் வரும் அரைமணி இடைவெளி அது. ஏழாம் எண் கட்டில்தான் அண்ணனுடையது. மேசைக்காரருக்கு உதவுகிற கைக்கண்ணாடி படுத்திருப்பவருக்கு உதவாது. செருப்பைக் கழற்றிவிட்டு மேல்பார்வையார் ஏறிப் படுத்தார்.

நேர் மேலே நாலு டியூப், ஷீட் இல்லாமல், அம்மணமாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷத்தில் கண்ணில் நீர் கட்டிவிட்டது. மூடினார். அண்ணன் சொன்னது போலவே சிவப்பாக வந்தது. அண்ணன் சாக்குச் சொல்கிறார் என்று அரை மனதாக நம்பியதற்கு வெட்கமாக இருந்தது.

"இதுல ஷீட்டு இருந்திருக்கணுமே சிஸ்டர்?"

"இருந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு தொப்புன்னு விழுந்து ஒடஞ்சுச்சு. நல்ல வேளை, கட்டில்ல ஆள் இல்ல. மத்ததையும் கழட்டிடச் சொல்லிட்டாங்க. ஸ்டோர்ல கெடக்கு."

கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு சட்டத்தின் உள்விளிம்பைப் பார்த்தார். சட்டத்தின் வரிசை எண்ணாகப் பென்சிலில் ஒரு '4' எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஓர் அம்புக்குறி. ஷீட்டை எந்தப் பக்கமாக நுழைக்க வேண்டும் என்பதற்கான குறி. இருபத்தாறு வருஷத்தில் அந்த அம்புக்குறியை வேறு யாரும் போட்டு அவர் பார்த்ததில்லை.

கட்டிலிலிருந்து இறங்காமல் அப்படியே கிடந்தார். எட்டு வருஷத்துக்கு முன் இது ஆஸ்பத்திரியின் கூட்ட அரங்கு. நடுவில் இந்தத் தடுப்புச் சுவர் கிடையாது. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. அப்போதிருந்த இன்ஜினியர், ஓரத்தில் இடுக்குத் தெரிகிறது, அசிங்கமாக இருக்கிறது, இறுக்கமாக வெட்டுங்கள் என்றார். அரைநாள் வாதாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் மேல்பார்வையார் "சரி சார்" என்றார். அந்த 'சரி சார்' ஒன்றுதான் அவர் தொழிலில் தெரிந்தே செய்த தப்பு. அதன் நேர் கீழே அண்ணனின் கட்டில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஷீட்டுகளைத் திரும்ப மாட்ட அனுமதி கேட்டபோது ஆஸ்பத்திரியின் மராமத்து அதிகாரி, எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்றார். வழக்கமாக, எழுதிக் கொடுங்கள் என்றால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். மேல்பார்வையார் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். 'இந்த அரங்கில் எட்டு வருடங்களுக்கு முன் நான் பொருத்திய ஷீட்டுகளை அளவு தவறி வெட்டியிருக்கிறேன். என் பிழையை என் செலவில் திருத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அனுமதிக்க வேண்டும்.' இன்ஜினியரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதிகாரி இரண்டு தடவை படித்தார். "இத்தன வருஷத்துல தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்தவரை நான் பாத்ததில்லீங்க" என்று உடனே கையெழுத்துப் போட்டார். தப்புக்குச் சொந்தக்காரர் கிடைத்த கோப்பில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் பயமிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாது. ஸ்டோரிலிருந்து ஒன்பது ஷீட்டுகளை எடுத்துக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நூல் அறுத்தார். உடைந்ததற்குப் பதிலாகத் தன்னிடமிருந்த ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். பத்துச் சட்டத்துக்கும் மறுபடி குறுக்குப் பட்டை கொடுத்தார். முடித்ததும் பத்துக் கட்டிலிலும் ஏறி ஏறிப் படுத்துப் பார்த்தார். துப்புரவு வேலைக்கு வந்த பெண், "எந்தக் கட்டில் வசதின்னு பாக்கறீங்களா?" என்று கேட்டாள். "பத்தும் ஒண்ணா இருக்கணும்மா" என்றார்.

திங்கட்கிழமை அண்ணனைக் கிளப்புவதற்குள் அண்ணிக்கும் அவருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. "பதினஞ்சு நிமிஷம் படுத்துப் பாருங்கண்ணே. ஆகலேன்னா நானே திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று தம்பி சொன்ன பிறகுதான் சம்மதித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஏழாம் கட்டிலில் தலைமாட்டை உயர்த்திப் படுக்க வைத்தார்கள். மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். துணியில் ஓட்டை தேடுகிறவர் போல ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கண்ணை ஓட்டினார்.

"யாரோ கை வெச்சிருக்கான்" என்றார்.

தம்பியும் அண்ணாந்து பார்த்தார்.

"ஓரத்துல ஒரு கோடு தெரியுது."

"ஒரு நூல் எடம் விட்டிருக்குண்ணே. சூட்டுக்கு ஷீட்டு நீளும். விடலேன்னா வளஞ்சு வெளிய வந்துடும்."

"துணி தண்ணியில சுருங்கும்னு நாங்க உள்ள பிடிச்சு விடுவோமே, அந்த மாதிரி."

"ஆமாண்ணே."

"இதுகூடத் தெரியாமலா அந்த மொதல்ல போட்ட மடையன் போட்டான்?"

அண்ணிக்கு விஷயம் தெரியாது. மேல்பார்வையார் மனைவிக்கு மட்டும் ஞாயிறு இரவு, பரணில் ஏறாமலே, சொல்லியிருந்தார். இப்போது தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார். "மொதல்ல போட்டதும் நான்தாண்ணே. இறுக்கமா வெட்டச் சொன்னாங்க, வெட்டிட்டேன். அது விழுந்துதான் மத்ததையும் கழட்டியிருக்காங்க. இத்தன நாள் உங்க கண்ணுல குத்தினது என் வேலை."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கூரையிலிருந்து கண்ணை இறக்கித் தம்பியைப் பார்த்தார். திட்டப் போகிறார், எழுந்து போகப் போகிறார் என்று தம்பி காத்திருந்தார். பக்கத்துக் கட்டில் இயந்திரம் இரண்டு தடவை கூவி அடங்கியது.

தலைமை நர்ஸ் ஊசித் தட்டோடு வந்து நின்றார். "என்ன சார், ஆரம்பிக்கலாமா, இல்ல இன்னிக்கும் வீட்டுக்கா?"

அண்ணன் சட்டையின் இடது கைப் பித்தானைத் தானே கழற்றினார். ஒரு மடிப்பு மடித்து விரலால் நீவி, அதன்மேல் சமமாக இன்னொரு மடிப்பு, இன்னொன்று என்று முழங்கைக்கு மேல்வரை ஏற்றிவிட்டு, கையை நர்ஸ் பக்கம் நீட்டினார்.