வாளி, குழாய், ஒரு கேன்: பிச்சாட்டூர் பக்கம் இரண்டு நாள்

போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனிலட்சுமி போன் செய்தாள். மொட்டை மாடியில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, பாப்பாவுக்கு மறுபடியும் வயித்தால போவுது. நீங்க குடுத்த ஃபில்டரு வேலை செய்யலக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஊத்துக்கோட்டையில எங்க அண்ணன் வூட்ல கொண்டுபோயி வுட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டோம். அங்கியே படிக்கட்டும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

முனிலட்சுமி யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆந்திர எல்லைக்குள் இருக்கும் பிச்சாட்டூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே ஒரு சின்னத் தமிழ்க் குடியிருப்பில் இருக்கிறாள். ஸ்ரீ சிட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. புருஷன் முனிரத்தினம் புத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறார். இருவர் பெயரும் முனியில்தான் ஆரம்பிக்கிறது, கோபம் மட்டும் அவளுக்குத்தான் வரும். ஒரே பெண் பவ்யா, ஐந்து வயது. இரண்டு வருடம் முன்பு நாங்கள் அந்தப் பக்கத்துக் கோயில்களுக்குப் போனபோது முனிரத்தினம்தான் ஆட்டோ ஓட்டினார். மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம். அன்றிலிருந்து ஊர் வம்பெல்லாம் எனக்கு போனில் வந்துவிடும்.

அந்தக் குடியிருப்புக்கு ஒரு போர், ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து சாக்கடையைத் தாண்டி வரும் ஒரு குழாய். மழைக்காலத்தில் தண்ணீர் டீ நிறத்தில் வரும், சர்க்கரைதான் போட வேண்டும். கேன் தண்ணீர் வண்டி, சேறாக இருந்தால் ஊருக்குள் வராது. சச்சிவாலயத்தில், அதாவது அந்த ஊர் கிராம அலுவலகத்தில், மனு கொடுத்திருக்கிறார்கள். புதுக்குழாய் வரும் என்கிறார்கள், வரட்டும். அதுவரை குழந்தைகள் எதைக் குடிப்பது?

அதனால் ஆடி மாதம் எங்கள் நடைப்பயிற்சிக் குழு (நடப்பது பத்து நிமிடம், போண்டாக் கடையில் நாற்பது நிமிடம்) கைக்காசு போட்டு எட்டு ஃபில்டர்கள் வாங்கியது. ஒன்று இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். கரண்ட் வேண்டாம். உள்ளங்கை நீளத்தில் ஓர் உருளை, அதற்குள் நூலைவிட மெல்லிய குழல்கள் கட்டுக்கட்டாக இருக்கும். வாளியை உயரத்தில் வைத்து, அதன் அடியில் ஒரு சின்னக் குழாய் வழியாக இந்த உருளையை மாட்டினால், கலங்கல் தண்ணீர் மேலேயிருந்து இறங்கிச் சுத்தமாக வெளியே வரும். கிருமி நின்றுவிடும். அடைத்துக்கொண்டால், கூடவே வரும் பெரிய சிரிஞ்சில் நல்ல தண்ணீரை எடுத்துப் பின்பக்கமாக ஏற்றிக் கழுவ வேண்டும். அவ்வளவுதான். எட்டு வீட்டில் மாட்டிவிட்டு, உலகத்தையே காப்பாற்றிய முகத்தோடு ஊர் திரும்பினேன். வாட்ஸப்பில் படங்கள் போட்டேன். நாலு பேர் கைகூப்பினார்கள்.

இப்போது அதே எட்டு வீட்டில் ஏழு வீட்டுக் குழந்தைகள் நன்றாக இருக்கின்றன. பவ்யாவுக்கு மட்டும்தான் மாதத்தில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. முனிலட்சுமி லீவு போட்டுக்கொண்டே இருந்ததால், கம்பெனியில் இன்னொரு தடவை போட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வேலையா, பிள்ளையா என்றால், பிள்ளை இல்லாத வீட்டில் வேலை செய்து என்ன பண்ணுவது என்று அவளே கேட்கிறாள். வேலை இல்லாவிட்டால் பிள்ளைக்கு மருந்து எதில் வாங்குவது என்றும் அவளே கேட்கிறாள். அடுத்த வியாழக்கிழமை கிளம்பினேன். "ஃபில்டரைப் பார்க்கப் போறியா, உன் மானத்தைப் பார்க்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர். இரண்டும்தான்.

சென்னை சென்ட்ரலில் காலை ஆறரை வாக்கில் திருப்பதி ரயில். உட்கார்ந்து போகும் வகுப்பு எண்பது ரூபாய். அரக்கோணத்தில் வடை ஏறும். நான்கு சாப்பிட்டேன். ஒன்பது மணிக்குள் புத்தூர். இந்த ஊர் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போனது என்பதால், இங்கே இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கட்டுப் போட்டவர்கள், மீதிப் பேர் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள். நான் படியில் இறங்கிய அழகைப் பார்த்து இரண்டு ஆட்டோக்காரர்கள் "காலா, கையா?" என்று தெலுங்கில் அக்கறையாக விசாரித்தார்கள். வயிறு என்று சொல்ல வாயெடுத்தேன்.

முனிரத்தினம் வெளியே நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார். பிச்சாட்டூர் தாண்டி ஊர் வரை இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, முக்கால் மணி நேரம். வேறு ஆட்டோ என்றால் ஐந்நூறு, அறுநூறு கேட்பார்கள். இவர் என்னிடம் வாங்க மாட்டார். பஸ்ஸில் போனால் பிச்சாட்டூர் வரை நாற்பது ரூபாய்க்குள்தான், அதற்குப் பிறகு உங்கள் கால்களின் நல்லெண்ணம். மழை பெய்து ஆரணியாற்று அணை நிறைந்திருந்தது. அத்தனை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்குப் போவது ஒரு மாதிரிதான் இருந்தது. வழியெல்லாம் வழக்கம்போல் நானே பேசினேன். வடைக் கதையையும் சொன்னேன். பிற்பாடு அது எனக்கே எதிராகத் திரும்பியது. என் காலடியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று உருண்டுகொண்டே வந்தது, எண்ணெய் என்று நினைத்து நகர்த்தி வைத்தேன்.

முனிலட்சுமி வீட்டில்தான் இருந்தாள், இரண்டாவது ஷிஃப்ட். பன்னிரண்டரைக்குத்தான் கம்பெனி பஸ். வாசலருகே பவ்யாவின் பை தயாராக நின்றது. அதில் அவளுடைய தட்டைக்கூட வைத்திருந்தார்கள். பவ்யா அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். கண்தான் பெரிதாக இருந்தது.

நான் துப்பறியத் தொடங்கினேன். ஃபில்டரைக் கழற்றினேன், கழுவினேன், மாட்டினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. அடுத்து குடம். சுத்தமான தண்ணீரை மூடாத குடத்தில் பிடித்துக் கையை விட்டு மொண்டால் எல்லாம் வீண் என்று பத்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றினேன். முடித்ததும் முனிலட்சுமி மரியாதையாக அவள் பாத்திரத்தைக் காட்டினாள். மூடி போட்டது, அடியில் குழாய் வைத்தது. "போன தடவையே சொல்லிட்டுப் போனீங்களேக்கா" என்றாள். சிரிஞ்சு, சோப்பு, பால் காய்ச்சும் பாத்திரம், அங்கன்வாடிக்குக் கொண்டுபோகும் பாட்டில் எல்லாம் பார்த்தாயிற்று. கிருமி இருந்தால் ஒருநாளில் கறுத்துப்போகும் சோதனைப் பாட்டில் ஒன்று கொண்டுபோயிருந்தேன், விலை ஐம்பது ரூபாய்க்குள். அதில் ஃபில்டர் தண்ணீரை ஊற்றி மூடினேன்.

"இதைத் தவிர வேற தண்ணி ஏதாவது குடிக்கறாளா?" என்று கேட்டேன்.

"ஒரு சொட்டு கெடயாதுக்கா" என்றாள். சத்தியமாகத்தான் சொன்னாள்.

பதினொன்றரைக்கு முனிரத்தினம் ஆட்டோவிலிருந்து அந்தக் கேனை எடுத்து வந்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, மூடியில் கொஞ்சம் ஊற்றினார். பவ்யா பையிலிருந்து இறங்கி வந்து கையைக் குவித்தாள். குடித்தாள். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள். அடுத்த மூடி எனக்கு. நான் பிறந்த வீட்டில் நடக்கப் பழகுவதற்கு முன்பே தீர்த்தம் வாங்கப் பழக்கிவிடுவார்கள். மூளை வந்து சேர்வதற்குள் கை நீண்டுவிட்டது, வாய் குடித்துவிட்டது, உள்ளங்கை உச்சந்தலைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம்தான், "இது எங்கேயிருந்துப்பா?" என்று கேட்கத் தோன்றியது.

மலையில் ஓர் அருவி. சவாரிக்கு ஆட்களைக் கூட்டிப்போகும்போதெல்லாம் பிடித்து வருவாராம். ஆவணி மாதத்திலிருந்து தினமும் கொடுக்கிறாராம். அருவியின் பெயரை எழுத மாட்டேன், தவறு அதனுடையதல்ல. கேனின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தேன், பச்சையாக ஒரு படலம். ஒருவேளை இதனால்தானோ என்று மெல்ல இழுத்தேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"தீர்த்தம் எப்டிம்மா கெடும்?"

முனிலட்சுமி புருஷனையும் கேனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பஸ் வந்தது, ஏறிப்போய்விட்டாள். தீர்த்தம் தண்ணீர்க் கணக்கிலேயே வராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கே வரவில்லையே, அவர்களை என்ன சொல்ல?

மனசு சரியில்லாமல் புத்தூருக்குத் திரும்பி, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் திருப்பதி வந்தேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், அறுபது ரூபாய் வாக்கில். பஸ் நிலையத்துக்கு அருகே தங்குமிடம் ஆயிரத்து நூறு, அறை சுமார், கழிப்பறை நன்று. ஏன் இதைக் குறிப்பிடுகிறேன் என்றால், வெள்ளிக்கிழமை காலை நான் மலையேற வேண்டிய நேரத்தில் அங்கேதான் இருந்தேன். மூன்று மாதம் முன்பே அந்த நாளுக்கு எடுத்துவைத்திருந்த முன்னூறு ரூபாய் தரிசன டிக்கெட் மேஜைமேல் படபடத்துக்கொண்டிருந்தது. ஃபில்டர் தண்ணீர் ஊற்றிய சோதனைப் பாட்டில் கறுக்கவில்லை. தீர்த்தத்துக்கான சோதனைப் பாட்டில் என் வயிறுதான், அதன் முடிவு வந்துவிட்டது.

உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கையில் வைத்துக்கொண்டு, படுத்தபடியே முனிலட்சுமிக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். எனக்கும் அப்படித்தான் ஆகிறது, அந்தக் கேன்தான் காரணம் என்றேன். முனிரத்தினம் விடவில்லை. "நீங்க ரயில்ல நாலு வடை துன்னதா சொன்னீங்களேம்மா."

"வடை கொதிக்கற எண்ணெயில வெந்துதுப்பா. உன் கேன் எப்போ கொதிச்சுது?"

"தீர்த்தத்தப் போயி கொதிக்க வெப்பாங்களா?"

"அப்போ ஃபில்டர்ல ஊத்து" என்றாள் முனிலட்சுமி.

"ஊத்தினா சாமி அந்தக் கொழாயிலயே நின்னுடும். கீழ வர்றது வெறுந்தண்ணிதான்."

நான் லைனில் இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நானும் மூச்சுவிடவில்லை. வம்பு கேட்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

"நின்னா நிக்கட்டும்" என்றாள் அவள். "அங்கியே குந்திக்கினு இருக்கட்டும். நாம மேல ஊத்துற தண்ணியெல்லாம் அவரைத் தொட்டுக்கினுதானே கீழ வரணும்? நீ ஒரு மூடி குடுத்துக்கினு இருந்த. இனிமே எம்பொண்ணு சொம்பு சொம்பா குடிக்கட்டும்."

இப்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "ஆவணியில நீ ஊத்துக்கோட்டைப் பேச்ச எடுத்ததுலேர்ந்து, அவ போவக்கூடாதுன்னுதான் குடுத்தேன். நாளு கிட்ட வர வர, ரெண்டு வேளையா குடுத்தேன்."

"தெரியும்யா" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஊத்துக்கோட்டை சவாரி இல்ல. ஒரு மாசம் பாக்கலாம். நான் அண்ணனுக்குச் சொல்லிக்கிறேன்."

நான் சத்தம் போடாமல் போனை வைத்தேன். வயிறு சரியாக ஒருநாள் ஆயிற்று. பெருமாளை அந்த முறை மலையை நோக்கிக் கும்பிட்டதோடு சரி. அவரும் அன்று ஒரு வாளிக்கு அடியில் வேலையாக இருந்திருப்பார்.

அதே மாதிரி ஃபில்டர் வாங்கிக்கொண்டு எங்காவது கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்த வகை ஃபில்டர் கலங்கலையும் கிருமியையும் நிறுத்தும். உப்பையும் ஃபுளோரைடையும் நிறுத்தாது. சித்தூர்ப் பக்கத்தில் சில ஊர்களில் அந்தத் தொல்லையும் உண்டு, ஆகவே முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வாங்குங்கள். மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், இரண்டு மாதம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். சோதனைப் பாட்டில் ஒன்றுக்கு மூன்றாகக் கொண்டுபோங்கள், உங்கள் வயிற்றைச் சேமிக்கலாம். முக்கியமாக, "என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். வாய்க்குள் என்னென்ன போகிறது என்று கேளுங்கள். தீர்த்தம், மோர், ஐஸ், பல் தேய்க்கும் தண்ணீர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எதையும் மக்கள் தண்ணீர் என்று சொல்ல மாட்டார்கள். யாராவது கொடுத்தால் நீங்களும் கையை நீட்டுவீர்கள். என்னைவிடக் கொஞ்சம் மெதுவாக நீட்டுங்கள்.

பவ்யாவின் வயிறு இதனால்தான் சரியானது என்று சத்தியம் செய்ய மாட்டேன். மழையும் நின்றிருந்தது, கேனையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கியிருந்தார்கள், புத்தூர் டாக்டரும் மருந்து கொடுத்திருந்தார். ஒரு மாதம் தாண்டி ஒருநாள் காலையில் முனிரத்தினத்தின் எண்ணுக்குப் போன் செய்தேன். பவ்யா எடுத்தாள். அம்மா எங்கே என்றேன்.

"அம்மா கம்பெனிக்குப் போய்க்கிது."

நைனா?

"ஆட்டோ தொடச்சிக்கினு கீறாரு."

உடம்பு எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டாய், அங்கன்வாடியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று நான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். வெளியே ஆட்டோ ஹாரன் சத்தம் கேட்டது.

"எனக்கு லேட்டாவுது, அப்பறமா பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.